களிம்பும் க்லாவும்: முதிர்ந்த உலோகப் பரப்பைக் குறிக்கும் சொற்கள்

செம்பு, பித்தளை, வெண்கலம் ஆகியவற்றின்மேல் நாளடைவில் படியும் பச்சைப் படலத்தைத் தமிழ் களிம்பு என்கிறது. மலையாளம் க்லாவு என்கிறது. இவ்விரு சொற்களும் அருகருகே வழங்கும் நிலப்பகுதிகளுள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டமும் ஒன்று. முன்னர்க் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த இவ்வட்டம் 1957இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் மிகுதி. இத்தகைய எல்லைப் பகுதியில் அண்டை மொழிச் சொல்லைத் தம் சொல்லின் சிதைவாகக் கருதுவது எளிது. க்லாவு என்பதும் களிம்பின் திரிபாகவே தோன்றக்கூடும். அக்கருத்து ஒலியியல் நோக்கில் நிற்பதன்று.

1. சொல்வடிவம்

தமிழின் மெல்லின வல்லின இணைகளுள் சில மலையாளத்தில் ஓரினமாகும். தமிழில் மாங்காய், பஞ்சு, வந்து என்பன மலையாளத்தில் மாங்ங, பஞ்ஞி, வன்னு என நிற்கும். ஆயின் ‘ம்ப’ என்னும் இணை மாறுவதில்லை; செம்பு, கொம்பு, அம்பு ஆகியன இரு மொழிகளிலும் ஒரே வடிவின. எனவே களிம்பு என்பதே மலையாளத்திற்குச் சென்றிருப்பின் ‘ம்பு’ அழிந்திருக்கக் காரணமில்லை.

க்லாவு என்பதன் முதலில் உள்ள மெய்ம்மயக்கம் பிற்காலத்தது. பிலாவு என்பது ப்லாவு எனவும், கிடாவு என்பது க்டாவு எனவும் முதலுயிர் கெட்டு வழங்குவதை நோக்க, இதன் முந்தைய வடிவம் கிலாவு என்பது போன்றதாதல் வேண்டும். ஆகார நெடில் இவ்வகைச் சொற்களின் ஒப்புமையாக்கத்தால் அமைந்தது எனக் கொள்ள இடமுண்டு. இதே பொருளில் கன்னடத்தில் கிலுபு என்பதும், தெலுங்கில் கிலுமு, சிலுமு என்பனவும் வழங்குகின்றன. ஆகவே மலையாளச் சொல் இகர முதலுடைய இவ்வடிவங்களோடு நெருங்கி நிற்கிறது. தமிழ்ச் சொல்லே அகர முதலும் ளகரமும் கொண்டு தனித்து நிற்கிறது.

இவ்வேறுபாட்டிற்குக் களி என்னும் சொல் காரணமாகலாம். குழைவான பொருளைக் குறிக்கும் அச்சொல்லின் சாயல், பழைய வடிவமொன்றைக் களிம்பு என மாற்றியிருக்கலாம். ‘ம்பு’ என்பது பிரித்தற்குரிய ஈறு என்பதற்கு இரும்பின் கறையைக் குறிக்கும் சொல் துணையாகும். தமிழில் அது துரு, மலையாளத்தில் துரும்பு. தமிழில் துரும்பு எனின் வைக்கோல் முதலியவற்றின் சிறு துண்டாகும். மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்போர் இங்கு வழுக்கி விழுதல் எளிது.

2. பொருள் வளர்ச்சி

களிம்பு தமிழில் சமயக் கலைச்சொல்லாகவும் உயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் முதலாகத் தோன்றிய சைவ சித்தாந்த நூல்கள், உயிரைப் பற்றிய ஆணவ மலத்திற்கு நெல்லின் உமியையும் செம்பின் களிம்பையும் உவமை கூறுகின்றன. ஈண்டுக் களிம்பு வெளியிலிருந்து இடையில் வந்து படிந்ததன்று, செம்போடு தொன்றுதொட்டே உடனிருப்பது, நீக்கத்தக்க குற்றம். புளியிட்டுத் துலக்கும் வீட்டு வழக்கமும், புளிப்புணவு கெடாதிருக்கப் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசும் வழக்கமும் இக்கருத்தோடு ஒத்தன. மலையாளத்திலும் ‘க்லாவு பிடிச்ச’ என்னும் தொடர் கவனிப்பாரின்றிக் கிடந்தவற்றைச் சுட்டும்.

இக்காலத் தமிழில் களிம்பு என்றவுடன் பலருக்கு நினைவில் எழுவது புண்ணுக்குப் பூசும் மருந்தே. களி என்பதன் சாயல் இப்பொருள் நிலைபெற உதவியது எனலாம். இதனால் பழம்பொருள் பின்தள்ளப்பட்டு வருகிறது.

3. பாட்டினாவும் மொழிபெயர்ப்பும்

ஆங்கிலத்தில் வழங்கும் பாட்டினா என்னும் சொல் இத்தாலியத்திலிருந்து வந்தது. தட்டு அல்லது அகன்ற கலம் எனப் பொருள்படும் இலத்தீனச் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர். 1681இல் பிலிப்போ பால்தினுச்சி வெளியிட்ட கலைச்சொல் அகராதி இதனை உலோகத்திற்குக் கூறவில்லை; காலம் ஓவியங்களின்மேல் ஏற்றும் கருமைக்கே கூறியது. அக்கருமை சிலபோது ஓவியத்திற்கு நலம் செய்வது எனவும் குறித்தது. உலோகப் பரப்பைக் குறித்தபோதும் இம்மதிப்புணர்வு சொல்லை விட்டு நீங்கவில்லை. ஆங்கிலத்தில் வெர்டிகிரி என்னும் வேறொரு சொல்லும் உண்டு. ‘கிரேக்கப் பச்சை’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்த அது, வெறும் பொருட்பெயராகவே நிற்கிறது. அதற்குக் களிம்பு நேரானது, பாட்டினாவிற்கு நேரானதன்று.

இவ்வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. செப்புப் பரப்பில் உருவாகும் நிலையான கார்பனேட், சல்பேட் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. குளோரைடால் தோன்றும் வெளிர்பச்சைத் தூளோ ஈரம் பட்டுப் பரவி உலோகத்தை அரிக்கிறது. இதனை வெண்கல நோய் என்பர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் பணியேற்ற வேதியியலார் எஸ். பரமசிவன், இவ்வாறு கெட்ட படிமங்களை மின்னாற்பகுப்பு முறையால் சீர்செய்தார். இரு படலங்களையும் களிம்பு என்றே எழுதினால், காக்க வேண்டியதும் நீக்க வேண்டியதும் படிப்போர்க்கு ஒன்றாகிவிடும். பழம்படிமம் ஒன்றைப் புளியிட்டுத் தேய்க்க அச்சொல்லே தூண்டுதலாகலாம்.

4. முடிவுரை

காக்கும் படலத்தைக் காலப்படலம் என்றும், அரிக்கும் படலத்தைக் களிம்பு என்றும் வேறுபடுத்தல் தக்கது. மருந்தோடு மயங்கும் இடத்தில் செப்புக் களிம்பு என அடை கொடுத்தல் வேண்டும். மலையாள நூலில் வரும் க்லாவு என்பதற்குக் களிம்பு பொருத்தமான பெயர்ப்பே. ஆயினும் அச்சொல் களிம்பின் சிதைவன்று. அதற்கெனத் தனி வரலாறு உண்டு. சித்தூர் போன்ற எல்லைப் பகுதிகளில் இரு சொற்களையும் நிகராக வைத்து நோக்கும்போதுதான், திரிந்தது அண்டை மொழிச் சொல் மட்டுமன்று, தமிழ்ச் சொல்லும் திரிந்திருக்கலாம் என்பது புலனாகிறது.