தமிழ் விசைப்பலகை

தமிழ் எழுத்துகளைப் பொறியிலும் கணினியிலும் கைப்பேசியிலும் இடுவதற்கான விசைகளின் அடுக்குமுறை தமிழ் விசைப்பலகை எனப்படும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் சில கிரந்த எழுத்துகளையும் 50-க்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவதே எல்லா அடுக்குகளும் தீர்க்க முயன்ற சிக்கல். ஒவ்வொரு காலத்தின் கருவியும் அதற்கு ஒரு தீர்வைத் தந்தது. முந்தைய தீர்வுக்குப் பழகிய விரல்கள் அடுத்ததை எளிதில் ஏற்கவில்லை. இப்போது வழக்கிலுள்ள அடுக்குகள் பலவாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தட்டச்சுப்பொறிக் காலம்

தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியவராகப் பெரும்பாலான நூல்கள் குறிப்பிடுவது ரா. முத்தையாவை. 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த இவர் இளமையிலேயே மலாயா சென்று, பின் சிங்கப்பூரில் பணியாற்றினார். இவருடைய அடுக்கின்படி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் - நௌமன் நிறுவனம் பொறிகளைச் செய்தது. அவற்றுள் ‘பிஜோ’ என்ற பெயரில் வந்த கையடக்கப் பொறியும் ஒன்று. பொறி முதலில் வெளிவந்த ஆண்டைக் குறிப்பதில் நூல்கள் ஒன்றுபடுவதில்லை; 1930-களை ஒட்டி என்று கொள்வது பொருந்தும்.

ஆங்கிலப் பொறியில் ஒரு விசையைத் தட்டியதும் தாள் ஓரெழுத்து அகலம் நகரும். தமிழில் புள்ளி எழுத்தின் தலைமேல் நிற்பதால் இந்த நகர்வு இடையூறாகும். அதற்கென நகரா விசை வைக்கப்பட்டது. அதை அழுத்தினால் புள்ளி தாளில் விழும், தாள் அசையாது. அடுத்து மெய்க்குரிய விசையைத் தட்டினால் எழுத்து அப்புள்ளியின் கீழ் சென்று அமரும். கையால் எழுதுபவர் எழுத்தை முடித்துவிட்டுப் புள்ளி வைக்கிறார். தட்டச்சர் புள்ளியை வைத்துவிட்டு எழுத்தைத் தேடினார். மூன்று தலைமுறைத் தட்டச்சர்கள் இந்தத் தலைகீழ் வரிசையை இயல்பாகவே பழகிக்கொண்டார்கள்.

மற்ற எழுத்துகள் உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவை தனி விசைகளாயின. ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்ற மூன்று தட்டுகளில் உருவானது. உகர உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் கொண்டிருப்பதால் அவற்றைப் பிரிக்க இயலவில்லை. க விசையின் மேல்நிலையில் கு, த-வின் மேல்நிலையில் து, ம-வின் மேல்நிலையில் மு என அவை இணைத்து வைக்கப்பட்டன. ய, ள, ன, க என்னும் நான்கும் இடக்கை விரல்களின் இருப்பிடமாக அமைந்தன. தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர்கள் இவ்வரிசையை மறப்பதில்லை.

தமிழ்நாட்டில் தட்டச்சுக் கல்வி தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளோடு பிணைந்தது. அரசுத் தட்டச்சர் பணிக்கு இச்சான்றிதழ் தகுதியாக இருந்தமையால் சிற்றூர்களிலும் பயிலகங்கள் தோன்றின. ஓர் அடுக்கு எத்தனை பேருடைய பிழைப்போடு இணைந்திருக்கிறதோ அத்தனை உறுதியாக அது நிலைக்கும் என்பதற்குத் தட்டச்சு அடுக்கு தக்க சான்று.

1978-ல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் இங்கே குறிப்பிடத்தக்கது. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் விடப்பட்டு, கால், கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை எல்லா எழுத்துகளுக்கும் பொதுவாயின. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட வடிவங்களை ஒட்டியது இது. அச்சுக்கோப்பும் தட்டச்சும் எளிதாகும் என்பது சீர்திருத்தத்தை ஆதரித்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று.

கணினியின் தொடக்கம்

1980-களில் மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் உருவானது. இந்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக இன்ஸ்கிரிப்ட் அடுக்கைத் தரப்படுத்தியது. தேவநாகரியின் வரிசையை அடிப்படையாகக் கொண்ட இவ்வடுக்கில், வர்க்க எழுத்துகள் இல்லாத தமிழுக்குப் பல விசைகள் வெறுமையாக நின்றன. உயிரெழுத்துக்கு ஒரு விசைநிலை, அதன் குறிக்கு வேறொரு விசைநிலை என்ற இரட்டிப்பும் இருந்தது. தமிழர்களிடையே இது பெரிதும் பரவவில்லை.

1995 - 1999

இந்த ஐந்தாண்டுகளைப் பற்றியே மிகுதியான செய்திகள் கிடைக்கின்றன. இணையம் தமிழரை எட்டிய காலம் இது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம், கனடாவில் ‘ஆதமி’ செய்த கு. சீனிவாசன் எனப் பலர் தனித்தனி எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் வெளியிட்டார்கள். கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு இலவசமாகக் கிடைத்தது. தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் அவர் முன்னின்றார்.

ஆனால் ஓர் எழுத்துருவில் அடித்த மடல், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் (எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கும் முறை), அதற்கு ஒரு விசையடுக்கு என்று பெருகியதால், நிறுவனம் மாறும் தட்டச்சர் மறுபடியும் விசை பழக வேண்டியிருந்தது. 1997-ல் சிங்கப்பூரில் கோவிந்தசாமியின் முயற்சியில் நடந்த தமிழ்இணைய மாநாடு இக்குழப்பத்தைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடியது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் இதில் தலைமைப் பங்காற்றினார். இங்கே வகுக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டு அரசாணையால் ஏற்கப்பட்டதே தமிழ்99. இதன் மூலக் கருத்துகள் யாருடையவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கோவிந்தசாமியின் ‘கணியன்’ அடுக்கின் சாயலைப் பலர் சுட்டுகிறார்கள். பலருடைய முன்மொழிவுகள் கலந்து உருவானது என்பாரும் உளர். அரசாணை வெளிவருமுன், அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார்.

தமிழ்99 அடுக்கில் உயிர்கள் 12, மெய்கள் 18, புள்ளி 1 என 31 விசைகளே அடிப்படை. உயிர்கள் இடக்கைப் பக்கம், மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். குறில்களான அ, இ, உ, எ நடுவரிசையிலும், அவற்றின் நெடில்கள் அவற்றுக்கு நேர் மேலேயும் உள்ளன. க, ப, ம, த, ந, ய ஆகியவை வலக்கை நடுவரிசையில் விரலுக்கு அடியிலேயே இருக்கின்றன. உயிர்க்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. சொல்லின் முதலில் ஆ-வைத் தட்டினால் ஆ. க-வுக்குப் பின் தட்டினால் கா. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்ற இலக்கணம் அப்படியே விசைகளில் இயங்குகிறது.

இவ்வடுக்கின் அழகு தானியங்கிப் புள்ளியில் உள்ளது. ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானே ஏறும்: அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டுகளில் ‘அம்மா’. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் இவ்வாறே: க, ங, க, ஐ எனத் தட்டினால் ‘கங்கை’. ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு ஆறு தட்டுகள் போதும். இரண்டு புள்ளிகளில் இறுதிப் புள்ளியை மட்டுமே தட்டச்சர் இடுகிறார். ‘மமதை’ போலப் புள்ளி வேண்டாத அரிய இடங்களில், இரு மெய்களுக்கும் நடுவே அ-வைத் தட்டினால் போதும். இரட்டித்தலும் இனவெழுத்துச் சேர்க்கையும் தமிழ்ச் சொற்களில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்தவர்களால்தான் இவ்விதியை வகுத்திருக்க முடியும். தொல்காப்பியர் காலம் முதல் இலக்கணிகள் பேசிவந்த மெய்ம்மயக்கம், விரல்களின் உழைப்பைக் குறைக்கும் கருவியானது இங்கேதான்.

ஏற்பும் எதிர்ப்பும்

சிறந்த அடுக்கு என்று பலர் போற்றியும் தமிழ்99 உடனே வெல்லவில்லை. அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ போன்ற எழுத்துருக்களோடு பழைய தட்டச்சு அடுக்கே தொடர்ந்தது, பதிப்பகங்களிலும் அவ்வாறே. இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையிலும் தட்டச்சு வழி வந்த ‘பாமினி’ அடுக்கு வேரூன்றியிருந்தது. இலங்கையின் ரெங்கநாதன் அடுக்கும் தட்டச்சு மரபைச் சேர்ந்ததே.

மறுபுறம், தட்டச்சே பயிலாமல் ஆங்கில விசைகளோடு மட்டும் பழகிய தலைமுறை ஒலிபெயர்ப்பு முறையை நாடியது. ammaa என்பதற்குரிய ஆங்கில விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வரும் இம்முறையை முரசு அஞ்சல் பரவலாக்கியது. புதிதாகக் கற்க எதுவும் இல்லை என்பதே இதன் வலிமை. ஆனால் ந, ன, ண என்னும் மூன்றையும் ல, ள, ழ என்னும் மூன்றையும் பிரிக்கப் பெரிய எழுத்துகளும் பிற விசைகளும் தேவைப்பட்டன; தமிழ்ச் சொல்லை எழுதுபவர் அதை முதலில் ரோமன் எழுத்துகளில் நினைக்க வேண்டியும் வந்தது. இது சிறுவர்களின் தமிழறிவைப் பாதிக்கும் என்று ஆசிரியர்கள் சிலர் அஞ்சினர். தமிழில் எழுதவே மாட்டாதிருந்தவர்களை எழுத வைத்தது இம்முறைதான் என்று வேறு சிலர் பதிலளித்தனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. இணையத்தில் தமிழ் எழுதியோரின் முதல் தலைமுறையில் பெரும்பகுதி இவ்வழியே வந்தது.

2000-க்குப் பின் விண்டோஸ் இயங்குதளம், எல்லா எழுத்துருக்களுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் தமிழை ஏற்றது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் ஒரே கணினியில் பல அடுக்குகளைத் தந்தன. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றது. எழுத்துருவிலிருந்து விசையடுக்கு விடுபட்டதால், எந்த அடுக்கில் அடித்தாலும் விளைவு ஒன்றே ஆயிற்று. அடுக்குகளுக்கிடையிலான போட்டியின் கூர்மை தணிந்தது.

கைப்பேசியில்

2005-ல் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ என்ற கைப்பேசி மென்பொருள் சிங்கப்பூரில் அறிமுகமானது. 2013-ல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு அடுக்குகளும் இடம்பெற்றன. 2017-ல் கூகுளின் குரல்வழி உள்ளீடு தமிழுக்கு வந்தது. தொடுதிரையில் சொற்களை முன்கூட்டியே பரிந்துரைக்கும் வசதி இப்போது பொதுவானது.

கருவிகள் இவ்வளவு மாறியும், தமிழ்99 அரசாணை வெளிவந்து 20 ஆண்டுகள் ஆன பின்னும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தமிழ்த் தட்டச்சுத் தேர்வுகள் தட்டச்சுப்பொறியிலேயே, பழைய அடுக்கிலேயே நடைபெற்றன.