தந்தை எழுதிய கடிதம்

பொன்னையும் பொருளையும் அன்றி, உலகறிவையே மகளுக்குச் சீதனமாக ஈந்த தந்தையர் சிலருள் பண்டித ஜவஹர்லால் நேருவும் ஒருவர்.

1917ஆம் ஆண்டிற் பிறந்த இந்திராவை, எட்டு வயதிலேயே ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று, ஜெனீவாவிற் கல்வி பயிற்றினார் அவர். 1928ஆம் ஆண்டுக் கோடையில், மசூரி மலையிலிருந்த மகளுக்கு, உலகம் தோன்றிய வரலாற்றைக் கடிதங்களாக வரைந்தார். 1930 ஒக்டோபரில் நைனிச் சிறையிலிருந்தார். மகளின் பிறந்தநாட்குக் கையிற் பரிசில்லை. ஆதலின் உலக வரலாற்றையே கடித வடிவிற் பரிசளிக்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இந்திரா, சிறுவரைத் திரட்டி ‘வானர சேனை’ அமைத்து, விடுதலைப் போரில் தொண்டாற்றினார்.

1931ஆம் ஆண்டில் நேரு, மனைவி கமலாவோடும் மகளோடும் நம் இலங்கைக்கு வந்து, நுவரெலியாவில் ஓய்வுகொண்டார். அநுராதபுரத்துப் புத்தர் சிலை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1937இல் தந்தையும் மகளும் பர்மா, மலாயா நாடுகளைக் கண்டனர்.

1966இல் இந்திரா பிரதமரானார். எனினும், சிறைக் கடிதங்களிலே வரலாறு கற்ற அவரே, 1975 யூனில் நெருக்கடி நிலையைக் கொணர்ந்து, எதிரணித் தலைவர்களைச் சிறையிலிட்டார். தந்தை உலகைக் காட்டலாம். அதில் எவ்வழி நடப்பதென்பதைத் தெரிவோர் மக்களே. பெற்றோர் இதனை மறத்தலாகாது.