பாரதக் கூத்தும் தம்பதியர் தொண்டும்

தொண்டை மண்டலத்து ஊர்களிலே கோடை தொடங்கியதும் திரௌபதியம்மன் கோயில்களில் கொடியேறும். பகலிலே பாரதப் பிரசங்கமும் இரவிலே கூத்தும் நடைபெறும். காஞ்சியிலே தறியே வாழ்வாகக் கொண்ட நம்மவர்க்கு இவ்விழா புதிதன்று. சுற்றுக் கிராமங்களிலுள்ள உறவினர் வீடுகட்குச் சென்று, விடியுமளவும் விழித்திருந்து கூத்துப் பார்த்து வந்த முதியோர் நம் குடும்பங்கள் பலவற்றில் உளர். ஆயினும் இவ்விழாவின் பழமையையும், நம் நகரை அடுத்திருந்தே அக்கூத்துக்குப் பணிபுரிந்த ஒரு தம்பதியரின் வரலாற்றையும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நலமாகும். ஆதலின் அவ்விரண்டையும் இவ்விதழிலே சுருங்க எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் பழமையைக் கருதுவோம். காஞ்சிக்கு அணித்தாயுள்ள கூரம் என்னும் ஊர் கூரத்தாழ்வான் அவதரித்த தலமென்பதை யாவரும் அறிவர். அவ்வூரிலிருந்த சிவாலயத்திற்குக் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்தான். கூரம் செப்பேடுகள் என வழங்கும் சாசனம் அத்தானத்தை 25 பங்குகளாக வகுத்துக் கூறுகின்றது. வழிபாட்டிற்கும் மண்டபத்துக்கு நீரும் தீயும் அளித்தற்கும் பங்குகள் ஒதுக்கியதோடு, அம்மண்டபத்திலே பாரதம் வாசித்தற்கென்றே ஒரு பங்கு விடப்பட்டிருக்கின்றது. விளக்குக்கும் தண்ணீருக்கும் நிகராகப் பாரதக் கதையும் கோயிலுக்கு இன்றியமையாத தருமமாக 1300 ஆண்டுகட்கு முன்னரே எண்ணப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

அதன்பின் ஒன்பதாம் நூற்றாண்டிலே, மூன்றாம் நந்திவர்மன் காலத்திலே, பெருந்தேவனார் பாரத வெண்பா இயற்றினார். பிற்காலத்தே வில்லிபுத்தூரார் பாரதம் எழுந்தது. கோயில்களிலே பிரசங்கம் செய்வோர் பெரும்பாலும் கையாளுவது இந்நூலையே. பகலிலே செவியாற் கேட்ட கதையை இரவிலே கண்ணாற் காண்பிப்பது கூத்து. படிப்பறியாத உழவரும் நெசவாளரும், அவர்தம் பெண்டிரும் சிறுவரும் பாரதம் முழுவதையும் அறிந்திருந்தனரெனில், அஃது இவ்விரண்டின் பயனேயாம்.

இவ்விழாவின் சிறப்பு யாதெனின், நடிப்போர் ஒருபுறமும் காண்போர் மறுபுறமுமாகப் பிரிந்து நில்லாமையே. அர்ச்சுனன் தபசன்று நெடிய மரமொன்றை நாட்டுவர். வேடம் பூண்ட நடிகர் பாடிக்கொண்டே படிப்படியாக அதன்மேல் ஏறுவர். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப் புடைவையுடன் அடியிலே காத்திருந்து, மேலிருந்து எறியப்படும் வில்வத்தையும் எலுமிச்சங்கனியையும் முந்தானையில் ஏந்துவர். பதினெட்டாம் போரன்று ஊரார் மண்ணைக் குவித்து, வீழ்ந்து கிடக்கும் துரியோதனன் உருவத்தை மிகப் பெரிதாக அமைப்பர். படுகளம் என்னும் அவ்விடத்திலே வீமன் துரியோதனன் தொடையைப் பிளப்பான். அதன்பின் திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிப்பாள். விழாவின் முடிவிலே விரதங் காத்தோர் தீமிதிப்பர். இவ்வாறு ஊரே அரங்காகவும் ஊராரே பாத்திரங்களாகவும் அமைந்த வைபவம் இது.

இத்துணைச் சிறந்த வைபவத்திலே ஒரு குறை நெடுங்காலம் இருந்து வந்தது. விழா திரௌபதி என்னும் பெண் தெய்வத்துக்கு உரியது. கதையும் அவள் பட்ட இன்னலின் கதையே. எனினும் அரங்கிலே திரௌபதியாக நின்றவர் ஆடவரே. பெண்கள் நேர்ந்துகொள்ளவும் பார்க்கவும் உரிமை பெற்றிருந்தனரேயன்றி வேடம் பூணும் உரிமை பெற்றாரில்லர். கூத்தாடும் ஆடவரையும் ஊரார் ஒரு கண்ணால் வியந்து, மறுகண்ணால் இகழ்ந்தனர். இரவிலே அருச்சுனனென்றும் கர்ணனென்றும் கைகூப்பப் பெற்றவரே, பொழுது புலர்ந்தபின் ‘கூத்தாடி’ என்னும் வசைச் சொல்லுக்கு ஆளாயினர்.

பெண்கள் அரங்கேறுவது நம் நாட்டு வழக்கன்று எனச் சிலர் கூறுவர். அவர் நம் காஞ்சியின் பழைய நாடகமொன்றை நினைவுகூர்தல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியிலே மத்தவிலாசம் என்னும் பிரகசனம் இயற்றினான். அதன் கதை நிகழ்வதும் காஞ்சி நகரிலேயே. நாடகத்தின் முகப்பிலே சூத்திரதாரன் தன் மூத்த மனைவியின் சினத்தைத் தணித்து, அவளையும் உடன்கொண்டே ஆட்டத்தைத் தொடங்குகின்றான். கணவனும் மனைவியும் ஒருங்கே அரங்கில் நின்று அவையோரை வரவேற்பது பல்லவர் காலத்துக் காஞ்சிக்குக் கூச்சம் தரும் செய்தியாக இருந்ததில்லை என்பதற்கு இஃதொன்றே போதும்.

இனி நாம் கூறப் புகுந்த தம்பதியர் வரலாற்றுக்கு வருவோம். இந்நாளிலே திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்துள்ள பெருங்கட்டூரிலே, வழிவழியாகக் கூத்து நடத்திய குடும்பத்திலே பிறந்தவர் ராஜகோபால் அவர்கள். தந்தையார் பொன்னுசாமி அவர்களே அவருக்கு வாத்தியார். பத்து வயதளவிலேயே வேடம் பூண்டமையால் பள்ளிப் படிப்பு இடையிலே நின்றது. இரவு முழுவதும் ஆடிய சிறுவன் பகலிலே பாடம் படித்தல் எங்ஙனம்? அந்நாளிற் கூத்துக் கற்ற சிறுவர் பலர்க்கும் இதுவே கதி. கலை வேண்டுமாயின் கல்வியை விடவேண்டும் என்பதே நிலை.

இவர்தம் வாழ்க்கைத் துணைவியாராக வாய்த்தவர் நெதர்லாந்து நாட்டினரான ஹன்னே டி ப்ரூயின் அம்மையார். அவர் தமிழ் பயின்று, கூத்தை ஆராயும் பொருட்டு இந்நாடு போந்தவர். ஆராய வந்தவர் ஆராய்ச்சி முடிந்ததும் தம் நாடு திரும்பி நூலெழுதி அமைவதே உலக வழக்கம். அம்மையாரோ நூலும் எழுதினார். இங்கேயே இல்லறமும் நடத்தினார். கர்ண மோட்சக் கூத்தை அவர் பதிப்பித்து மொழிபெயர்த்த நூலைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-இல் வெளியிட்டனர். கட்டைக்கூத்தைப் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் 1999-இல் வெளிவந்தது.

1990-ஆம் ஆண்டிலே காஞ்சியை இருப்பிடமாகக் கொண்டு கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. ‘கட்டை’ என்பது மரத்தாற் செய்து கண்ணாடிச் சில்லும் வண்ணமும் பதித்த கிரீடம், புஜக் கட்டை, மார்புப் பதக்கம் முதலிய அணிகளைக் குறிக்கும். தெருவிலே ஆடுவதெனப் பொதுப்பட அழைக்கப்பெறுவதினும், தம் அணியின் பெயராலேயே தம் தொழிலை வழங்குதல் மதிப்பாகும் என இச்சங்கத்தார் கருதினர். தனித்தனிக் குழுக்களாகச் சிதறிக் கிடந்த நடிகர்கள் தம் குறைகளைக் கூடிப் பேசவும், தம் தொழிலைத் தொழிலென்று தலைநிமிர்ந்து சொல்லவும் இஃது இடமளித்தது. நம் போன்ற சங்கத்தார்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பின்னர் 2002-ஆம் ஆண்டிலே காஞ்சிக்கு அருகிலுள்ள புஞ்சரசந்தாங்கலிலே கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பெற்றது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருங்கே கற்றனர். தமக்குக் கிட்டாத கல்வியைத் தம் மாணாக்கர்க்குக் கிட்டச் செய்தார் ராஜகோபால் அவர்கள். அவர் ஆட்டமும் பாட்டும் அடவும் கற்பித்ததோடு புதிய கூத்துக்களும் இயற்றினார். அம்மையார் குருகுலத்தின் நிருவாகத்திலும் எழுத்துப் பணியிலும் கருத்தூன்றினார். யாவற்றினும் மேலாக, ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பெற்றனர். கிரீடமும் புஜக் கட்டையும் தரித்துப் பெண்கள் வீர வேடம் கட்டி ஊரறிய ஆடினர். தலைமுறை தலைமுறையாக ஆடவர்க்கே உரித்தாயிருந்த அரங்கு இவ்வாறு திறக்கப்பெற்றது. 18 ஆண்டுகள் நடந்து 2020-இல் குருகுலம் மூடப்பெற்றது. பள்ளி நின்றது, ஆயினும் அங்குக் கற்ற பெண்கள் கற்ற வித்தை நில்லாது என்றே நம்புகின்றோம்.

இவ்வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதெனக் கருதற்க. ஜெர்மனி தேசத்துப் பவேரியாவிலே ஓபராமர்காவ் என்னும் மலைக் கிராமம் உளது. 1633-இல் கொள்ளைநோய் பரவியபோது, தம்மை அந்நோயினின்று காத்தால் ஏசுநாதரின் பாடுகளை நாடகமாக நடிப்பதாக அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதன்முறையாக நடித்து, பின்னர்ப் பத்தாண்டுக்கொரு முறை என வழக்கமாக்கினர். 2020-இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றினால் தள்ளப்பட்டு 2022-இல் நடந்தது. அங்கு நடிப்போர் அவ்வூரிற் பிறந்தோரும் நெடுங்காலம் குடியிருந்தோருமே. தச்சரும் கடைக்காரரும் ஆசிரியரும் வேடம் பூணுவர். ஆனால் அங்கேயும் மணமான பெண்களும் 35 வயது கடந்த பெண்களும் நடிக்கலாகாது என்றொரு கட்டு இருந்தது. கணவன் நடிக்கலாம், அவனை மணந்த நாள்முதல் மனைவி நடிக்கலாகாது! அவ்வூர்ப் பெண்கள் நீதிமன்றம் ஏறி வழக்காடினர். 1990-ஆம் ஆண்டு நாடகத்திலேதான் அக்கட்டு நீங்கி, மணமான மாதரும் அரங்கேறினர். காஞ்சியிலே கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில் என்பதை அன்பர்கள் கருதுக.

தம்பதியர் ஒருங்கே உழைத்தால் என்ன விளையும் என்பதை நம்மவர்க்கு நாம் எடுத்துரைத்தல் மிகை. கோர்வைச் சேலை நெய்யும் தறியை நோக்குக. உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகட்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடா ஓடவேண்டும். தறியில் அமர்ந்தவர் ஒருவரால் அது முற்றுப் பெறாது. மறுபுறத்துக் கரை நாடாவை வாங்கி எறிய இன்னொரு கை வேண்டும். தார் சுற்றும் கை வீட்டுப் பெண்மணியின் கை. இவ்வளவும் சேர்ந்து நெய்த சேலையை ஒருவர் நெய்ததென்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. கோயில் விழாவிலும் அங்ஙனமே பெண்களின் உழைப்பு பெயரின்றிக் கரைந்து போகின்றது.

பெண்கள் இரவெல்லாம் விழித்து அந்நியர் நடுவே நிற்பது தகுமோ எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. கணவனும் மனைவியுமாக இருவர் பொறுப்பேற்று, படிப்பும் உணவும் உறையுளும் தந்து கற்பித்த இடத்திலே அவ்வச்சத்திற்கு விடை கிடைத்தது என்பதே நாம் காட்ட விழைவது. தனியொருவரால் எளிதிற் பெறவொண்ணாத நம்பிக்கையைத் தம்பதியர் பெறுதல் கூடும்.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கட்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். ஒன்று, நம்மவர் பொறுப்பில் நடைபெறும் விழாக்களிலே குழுவினர் பட்டியலில் கணவர் பெயரோடு மனைவியார் பெயரையும் சேர்த்தெழுதி, ஆலோசனைக்கும் அழைத்தல் வேண்டும். இரண்டு, கூத்துக் குழுவை அழைப்போர் பேசிய தொகையை விடிந்த அப்பொழுதே குறைவின்றிக் கொடுத்து, உண்டியும் ஓய்விடமும் மரியாதையுடன் அளித்தல் வேண்டும். மூன்று, நம் பெண்மக்களுள் பாட்டிலும் கூத்திலும் விருப்பமுடையாரைத் தடுக்காது, தக்க ஆசிரியரிடம் பயிலச் செய்தல் வேண்டும்.

கூரத்து மண்டபத்திலே பாரதத்துக்கு ஒரு பங்கு விட்ட நாட்டிலே நாம் வாழ்கின்றோம். அரசர் போயினர், மானியமும் போயிற்று. அப்பங்கை இனி அளிக்கவேண்டியவர் நாமே. இல்லந்தோறும் தம்பதியர் இருவரும் கூடி இத்தொண்டிலே முற்படுவாராக. அவர்தம் மக்கள் கல்வியும் கலையும் ஒருங்கே பெற்றுத் தழைப்பாராக.