கள்ளச்சாராயம்: பிழைத்தவர் வீட்டில் என்ன நடக்கும்?

2023 மே மாதம். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவ கிராமம். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கம் பெருக்கரணை. பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து சுருண்டு விழுந்தார்கள். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

குடித்தது என்ன?

சாராயமே இல்லை, ரசாயன ஆலைகளில் பயன்படும் மெத்தனால். உடம்புக்குள் போனதும் கல்லீரல் இதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். ‘போதை இன்னும் தெளியல’ என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். அதற்குள் கண் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்.

சரி, இதை ஏன் வாங்குகிறார்கள்? டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவருக்கு ஊருக்குள்ளேயே, குறைந்த விலையில் பாக்கெட் கிடைத்துவிடுகிறது.

நிவாரணம் எவ்வளவு?

இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சிகிச்சை பெற்றவர்களுக்கு 50 ஆயிரம் என்று அரசு அறிவித்தது. கணக்கு இடிப்பது இங்கேதான். பிழைத்தும் பார்வை போனவரால் கடலுக்கோ கூலிக்கோ போக முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும், பெரும்பாலும் மனைவி, வேலையை விட வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு வருமானம் நின்றுபோகும். அதற்கு 50 ஆயிரம் எத்தனை மாசம் தாங்கும்?

அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் இதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம்.