முன்னெச்சரிக்கை

முன்னெச்சரிக்கை என்ற சொல்லில் 'முன்' காலத்தைக் குறிக்கிறது. 'எச்சரிக்கை' விழிப்பைக் குறிக்கிறது. கன்னடத்தில் 'எச்சர' என்றால் இன்றும் விழிப்புதான். ஆகவே இச்சொல்லின் உட்பொருள் அச்சமல்ல, கேடு வருமுன் விழித்திருத்தல். கண்டனூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி வெட்டியவர்களும், கூரை மழைநீர் வீணாகாதபடி முற்றம் வைத்து வீடு கட்டியவர்களும் எந்த ஆண்டு மழை பொய்க்கும் என்று அறிந்திருக்கவில்லை. அறியாததாலேயே முந்திக்கொண்டார்கள். 1992இல் ரியோ மாநாட்டுப் பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடு இதையே உலக நெறியாக்கியது: கடுமையான அல்லது மீட்க முடியாத கேடு நேரக்கூடும் என்றால், அறிவியல் முழு உறுதி தரவில்லை என்பதைக் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

'ஐயத்தை வைத்தே எல்லாத் தொழிலையும் முடக்கிவிடலாமே' என்பது இதற்கு எதிரான வாதம். கவனிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் ரியோ வாசகம் கடுமையான அல்லது மீட்க முடியாத கேட்டையும் செலவுக்கேற்ற பயன் தரும் நடவடிக்கையையும் மட்டுமே பேசுகிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்நெறியை நாட்டின் சட்டமாக ஏற்றது. அத்தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கச் சொன்னது, ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதைவிட முக்கியமானது, மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியதுதான். கிணறு கெட்டுப்போனவர் கேட்டை நிறுவ வேண்டியதில்லை. கேடில்லை என்று ஆலைதான் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாத உழவருக்கு இதைவிடப் பெரிய நீதி இல்லை என்பேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010, தன் 20ஆம் பிரிவில் இந்நெறியைப் பின்பற்றியே தீர்ப்பாயம் ஆணையிட வேண்டும் என்கிறது.