மணலி மெழுகு, மார்கழித் திரி

டிசம்பர் பாதியை எட்டும்போது, மீஞ்சூர் தொடங்கி இராயபுரம் வரையுள்ள கிறித்தவ இல்லங்களின் வாசலில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். குடிலின் அருகே ஏற்றி வைக்க வண்ணத் திரிகளும் வேண்டும். கடையில் வாங்குவோரே மிகுதி எனினும், வீட்டு அடுப்பில் மெழுகை உருக்கி அச்சில் வார்ப்பது எவருக்கும் கைவரக்கூடிய வேலைதான். அந்த வெண்கட்டியின் பூர்வீகத்தை மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

மெழுகு தமிழுக்குப் புதிதன்று. தீயிலிட்ட மெழுகாய் உருகுவது பக்தி இலக்கியம் நமக்குப் பழக்கிய உவமை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் மெழுகில் உருவம் சமைத்து, மண்பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் வார்த்துப் பிறந்தவையே. அது தேன்மெழுகு. ஆயினும் வெளிச்சத்துக்கு நாம் நம்பியது எண்ணெயையும் பஞ்சுத் திரியையும்தான். மெழுகுதிரி இங்கு வேரூன்றியது ஐரோப்பியரோடும் தேவாலயத்தோடும்.

ஐரோப்பாவிலும் தேன்மெழுகு பீடங்களுக்கும் செல்வருக்கும் உரியதாக இருந்தது. ஏழை வீடுகளில் புகையும் நாற்றமுமாக எரிந்தது விலங்குக் கொழுப்பு. இந்நிலையை மாற்றியது வேதியியல். 1820களில் செவ்ரல் கொழுப்பிலிருந்து கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தைப் பிரித்தார். 1830இல் ரைக்கன்பாக் பாரபினைக் கண்டறிந்தார். 1850களில் லண்டனின் பிரைஸ் நிறுவனம் பர்மா கச்சா எண்ணெயிலிருந்து மெழுகு எடுத்துத் திரி வார்த்தது. பின்னாளில் ரங்கூனுக்கு அருகே சிரியத்தில் பெரும் சுத்திகரிப்பாலை எழுந்தது. 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது பிரிட்டிஷார் அதைத் தாமே தகர்த்துவிட்டுப் பின்வாங்கினர்.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் வடசென்னையில் குடியேறினர். அதே பத்தாண்டில் மெழுகின் ஊற்றும் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது தற்செயலே. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் 74, 13, 13 விழுக்காட்டுப் பங்குகளோடு 1965இல் மெட்ராஸ் ரிபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மீஞ்சூருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில், மணலியில், 1969இல் ஆலை இயங்கத் தொடங்கியது. 2000இல் அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் என்றாயிற்று.

மசகு எண்ணெய் குளிரில் உறையாதிருக்க அதிலுள்ள மெழுகை நீக்கியாக வேண்டும். இயந்திரத்துக்கு ஆகாதென ஒதுக்கப்பட்ட அந்தப் பொருளே எண்ணெய்ப்பசை அகற்றப்பட்டுப் பாரபின் கட்டியாகிறது. மணலி மெழுகுப் பிரிவின் நிறுவுதிறன் ஆண்டுக்கு 30,000 டன். திரிக்கும் தீக்குச்சிக்கும் உரிய இம்மெழுகு சிட்கோ கிடங்குகள் வழியே சிறுதொழில் கூடங்களை அடைந்தது.

வீட்டில் செய்வோர் மெழுகை நேரடித் தீயில் வைப்பதில்லை; கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குகிறார்கள். சிறிது ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் திரி இறுகும். அச்சிலிருந்து எளிதில் கழன்றும் வரும். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அதை நிரப்ப இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். செவ்ரல் பிரித்த பொருளும் ரைக்கன்பாக் கண்டதும் அந்தச் சிறு பாத்திரத்தில்தான் கலக்கின்றன.

2008ஐ ஒட்டித் தொடங்கிய மின்வெட்டு ஆண்டுகளில் அலங்காரத் திரி அன்றாடத் தேவையாயிற்று. அத்திப்பட்டில் 1994 முதல் அனல்மின் நிலையம் இயங்கிவர, அதன் புகைபோக்கிகள் தெரியும் தெருக்களிலும் மெழுகுதிரிகள் எரிந்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் படர்ந்தது. மீனவர்களின் படகுகளும் வலைகளும் கருத்தன. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களே இருந்தன. பல குடும்பங்கள் தொழிலுக்குப் போக இயலவில்லை.

கச்சா எண்ணெய் ஒன்றே. ஒருபுறம் அது வெண்மையான திரியாகிப் பீடத்தில் நிற்கிறது. மறுபுறம் அலையாத்தி வேர்களில் கரும்பிசினாய் ஒட்டுகிறது. திரி ஏற்றுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அந்த மெழுகின் ஊரில் வாழ்வோரையும் அவ்வொளியில் நினைத்துக்கொள்வது, அதை ஏற்றுகிற நம் கடமை.