பறப்புப் பொறியாளர்

பழைய பயணிகள் விமானங்களில் இரு விமானிகளுக்குப் பின்னே அமர்ந்து எஞ்சின், எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக் அழுத்தம், உட்புறக் காற்றழுத்தம் ஆகியவற்றைக் கவனித்துவந்தவர். பேச்சுவழக்கில் ஃபிளைட் இன்ஜினியர். தரையில் விமானத்தைப் பழுதுபார்க்கும் பொறியாளர் வேறு, இவர் வேறு.

இப்பணிக்கு முன்மாதிரி கப்பலின் எஞ்சின் அறை. 1929இல் பறந்த ஜெர்மானிய டோர்னியர் டோ எக்ஸ் என்னும் கடல்விமானத்துக்கு 12 எஞ்சின்கள். விசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் விமானி சொல்லி அனுப்புவார். தனியிடத்தில் மானிகளின் நடுவே இருந்த பொறியாளர் அதைச் செய்வார். 1939இல் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கிய பான் அமெரிக்கனின் போயிங் 314இல் இறக்கைக்குள் ஒரு வழி இருந்தது. பறக்கும்போதே அதில் புகுந்து எஞ்சினருகே போகலாம். தரையில் இறங்கும் பயணிகள் விமானங்களில் பொறியாளரை முதலில் ஏற்றிக்கொண்டது போயிங் 307.

பிஸ்டன் எஞ்சின்களின் கடைசிக் காலமே இப்பணியின் பொற்காலம். போயிங் ஸ்ட்ராட்டோகுரூசரின் நான்கு எஞ்சின்களில் மொத்தம் 112 சிலிண்டர்கள், 224 ஸ்பார்க் பிளக்குகள். எந்தப் பிளக் சரியாகப் பொறி விடவில்லை என்பதைச் சிறு திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தே கண்டுபிடிக்கும் கருவி அவரிடம் இருந்தது. எரிகலவையின் விகிதத்தையும் எஞ்சின் உறையின் காற்று மடிப்புகளையும் ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பார். மெய்யான எஞ்சின் வித்தை இதுவே.

ஜெட் காலத்தில் போயிங் 707, 727, தொடக்ககால 747 ஆகியவற்றில் அவருடைய பலகை வலப்பக்கச் சுவரை நிறைத்தது. எரிபொருள் பகுதியில் தொட்டிகளும் குழாய்களும் கோட்டுப்படமாகவே வரையப்பட்டு, அவற்றின் மேலேயே பம்பு, வால்வு விசைகள் அமைந்தன. இருக்கை தண்டவாளத்தில் நகரும். மேலெழும்பும்போது முன்புறம் திரும்பி, விமானிகளின் தோளுக்குப் பின்னிருந்து எஞ்சின் மானிகளைப் பார்ப்பார்.

அமெரிக்காவில் 80,000 பவுண்டுக்கு மேற்பட்ட பெரிய விமானங்களுக்கு இவரைக் கட்டாயமாக்கும் விதி 1948இல் வந்தது. அந்த இருக்கை மெக்கானிக்குக்கா, விமானிக்கா என்ற சச்சரவு 1961இல் வேலைநிறுத்தம்வரை போயிற்று. பின்னர் விமானி உரிமம் உள்ளவர்களே பெரும்பாலும் அதில் அமர்ந்தனர். அங்கே பல நிறுவனங்களில் இளம் விமானிகளின் முதற்படியாக அது இருந்தது.

1981இல் அமெரிக்க அதிபர் அமைத்த குழு இரு விமானிகளே போதும் என்றது. முந்தைய 747இல் விளக்குகளும் மானிகளும் விசைகளுமாக இருந்த 971 உறுப்புகள் 747-400இல் 365 ஆகச் சுருங்கின. பொறியாளரின் பலகை மறைந்தது. பொறியாளருடன் பறந்துவந்த கான்கார்டும் 2003இல் ஓய்வு பெற்றது. இன்று சில பழைய சரக்கு விமானங்களிலும் இந்திய விமானப்படையின் ஐஎல்-76 போன்றவற்றிலும் இப்பணி உண்டு.